தூணில் ஒட்டிய கண்ணாடி

பொறியாளர் தூணுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடி உடையவில்லை.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

மழைக்காலத்துக்கு முன்பு அவரே ஒட்டிவிட்டுப் போனது. வண்டிகள் நிறுத்தும் தரைத்தளத்தில், மேலே உள்ள அத்தனை வீடுகளையும் தாங்கும் தூண். அதில் ஓடிய விரிசலின் குறுக்கே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடித்தபடி, விரல் அகலத்தில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டு.

விரிசல் மயிரிழை அகன்றாலும் அது உடைந்துவிடும். உடைந்தால் தூண் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஒரு ராத்திரிகூட அங்கே யாரும் படுக்கக்கூடாது.

குடியிருப்பவர்கள் மாடிப்படியில் நெருக்கியடித்து உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மாடிக்காரி எதற்கும் இருக்கட்டும் என்று மூட்டை முடிச்சோடு இறங்கி வந்திருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. எங்கே போவது என்று மட்டும் அவளுக்குத் தெரியாது.

பொறியாளர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். சீரற்ற அமிழ்வு அடங்கிவிட்டது என்றார். சுமைப் பகிர்வு நிலைப்பட்டுவிட்டது, இடப்பெயர்ச்சி பூஜ்யம் என்றார். மனுஷன் வாயைத் திறந்தாலே அப்படித்தான். வீட்டில் கட்டில் கால் ஆடுவதைப் பற்றிச் சொல்லவும் அவருக்கு இதே பாஷைதான்.

போன தடவையும் இதே படியில், இதே கூட்டத்துக்கு, இதே மாதிரி ஒரு பிரசங்கம் நடந்தது. யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். படித்தவர் முன்னால் யார் போய் அசடு வழிவது? எல்லாரும் புரிந்த மாதிரி தலையை ஆட்டிவைத்தார்கள். அவரும் புரிந்துவிட்டது என்று திருப்தியாகக் கிளம்பிப் போனார்.

இந்தத் தடவை மூன்றாம் மாடிக்காரி மட்டும் விடவில்லை.

"அப்ப நாங்க இங்கயே இருக்கலாமா சார்?"

"தாராளமா இருங்கம்மா. ஒண்ணும் ஆகாது."

அவர் சொன்னதிலேயே எல்லாருக்கும் புரிந்தது அது ஒன்றுதான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூட்டையைத் தூக்கினாள். பின்னாலேயே மற்றவர்களும் பேசிச் சிரித்தபடி படியேறினார்கள்.

கீழே குடியிருப்போர் சங்கச் செயலாளர் மட்டும் நின்றார். கட்டடத்தில் எங்காவது ஓர் ஒட்டடை தெரிந்தால் அவருக்குச் சோறு இறங்காது. பொறியாளர் பையை மாட்டிக்கொள்ளும்வரை காத்திருந்துவிட்டு, பாராட்டை எதிர்பார்க்கும் முகத்தோடு பக்கத்தில் வந்தார்.

"கண்ணாடி ரொம்ப முக்கியம்னு சொன்னீங்கல்ல சார், கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிட்டேன். உடைய உடைய ஒடனே வேற ஒட்டிடுவேன். இதே அளவுல ஒரு கட்டு வெட்டி வாங்கி வெச்சிருக்கேன்."

பொறியாளர் பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் குந்தி உட்கார்ந்தார்.

கண்ணாடியின் ஓரத்தை விரலால் தொட்டார். பசை இன்னும் காயவில்லை.