மேல் ஸ்தாயி

குளியலறைக் கண்ணாடி முழுக்க எச்சில். புள்ளி புள்ளியாகக் காய்ந்து கிடந்ததில் தையற்காரியின் முகம் அம்மை போட்டது போலத் தெரிந்தது.

எச்சிலுக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே துண்டோடு நின்றிருந்தார். அவள் புருஷன், ஐம்பத்தைந்து வயது லிஃப்ட் மெக்கானிக். உதட்டைக் குவித்துக் குதிரை மாதிரி படபடவென்று அடித்தார். உதடு முதலில் சும்மா ஆடியது. பாதி வழியில்தான் சத்தம் முளைத்து, ஊளையாக உச்சிக்கு ஏறி நின்றது. அடுத்து டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டுக் குமிழி விட்டார். அந்த டம்ளரைத்தான் சமையலறையில் மற்ற டம்ளர்களோடு கவிழ்த்து வைப்பார். சீ!

கண்ணாடி மூலையில் பாட்டு டீச்சர் கொடுத்த சீட்டு ஒட்டியிருந்தது. ‘தினம் பத்து நிமிஷம் மட்டும். வாரத்துக்கு அரை ஸ்வரம்தான் ஏறணும். தொண்டை வலிச்சா உடனே நிறுத்தணும். கத்தவே கூடாது.’

“அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா? யாருக்குப் பாடிக் காட்டப் போறீங்க?”

அவர் ஏதோ முனகினார்.

எச்சிலைக்கூடத் துடைத்துவிடலாம். இந்த முனகலைத்தான் அவளால் சகிக்கவே முடியவில்லை. ஆறு மாதமாக அவளிடம் வாயைத் திறந்தால் இதே லட்சணம்தான். தலைசுற்றலுக்கு அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரும் வாய்க்குள்ளேயே மென்றுவிட்டு மாத்திரைச் சீட்டை நீட்டினார். ஆம்பளைகளே இப்படித்தான் என்று தங்கையிடம் போனில் கொட்டித் தீர்த்தாள்.

“அந்த மனுஷன்கிட்ட ஏன் கஷ்டப்படற? பெட்டியைக் கட்டிக்கிட்டு இங்க வந்துடுக்கா” என்றாள் தங்கை, கணீரென்று.

சாயங்காலம் பெட்டியைக் கட்டியேவிட்டாள். முப்பது வருஷக் குடித்தனம் ஒரே பெட்டியில் அடங்கிவிட்டது. பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில்தான் அந்தப் பாட்டு வகுப்பு. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போவது என்று மாடி ஏறினாள்.

கதவுக்குப் பின்னால் அதே ஊளை. தள்ளித் திறந்தாள். புருஷன் நிமிர்ந்து நின்றிருந்தார். டீச்சரின் இரண்டு விரல்கள் அவர் கழுத்தில் இருந்தன.

“தூ! கட்டின பொண்டாட்டிகிட்ட பேச வாய் வரல, இங்க வந்து ஊளையிட மட்டும் வருதா?”

டீச்சர் விரலை எடுத்தாளே தவிர, பதறவில்லை.

“கழுத்து இறுகுதான்னு பார்த்தேங்க்கா. இறுக்கி ஏத்தினா தொண்டை போயிடும். சாருக்குப் பாட்டே வேண்டாமாம். பேசுற குரலைக் கொஞ்சம் மேல ஏத்திக் குடுங்கன்னுதான் வந்தார்.”

“எதுக்காம்?”

டீச்சர் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினாள். அவர் எச்சிலை விழுங்கி அந்தச் சுருதியைப் பிடித்தார். பெண் குரல் மாதிரி மெல்லிய குரல், ஓரத்தில் லேசாக நடுங்கியது. ஆனால் ஒரு வார்த்தைகூட முனகலாக இல்லை.

“ஆம்பளைங்களோட கட்டைக் குரல் எதுவும் உன் காதுக்கு எட்டாதாம்மா. அன்னைக்கு டாக்டர் சொன்னது அதைத்தான்.”

பெட்டி அவள் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

“இதை ஏங்க என்கிட்ட சொல்லல?”

“ஆறு மாசமா சொல்லிக்கிட்டுதான்மா இருக்கேன்.”