நடுவில் ஒரு ஆள்

“இன்னைக்கு வேண்டாம்மா. ஒரே ஒரு நாள். நாளைக்கு மாத்திக்கலாமே?”

ஆமை கெஞ்சக் கெஞ்ச, ஆபீஸுக்குப் புது சாஃப்ட்வேர் செய்து முடித்திருந்த அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆமை என்பது அந்த மனுஷனுக்கு ஆபீஸே சேர்ந்து வைத்த பெயர். பின்னே? ஆள் சேர்ந்தாலும் விலகினாலும் பர்சனல் பிரிவில் பதிவார்கள். அந்தத் தகவல் வாசல் கதவு, சம்பளம், மெயில் என்று எல்லா சிஸ்டத்துக்கும் போய்ச் சேர வேண்டும். பழைய சாஃப்ட்வேரில் நடுவே இவர் உட்கார்ந்து ஒரு பட்டனை அமுக்கினால்தான் போகும். புதிதாகச் சேர்ந்தவர்கள் தகவலை அன்றைக்கே அனுப்பிவிடுவார். வேலையை விட்டு எடுத்தவர்கள் தகவல் வந்தால் மட்டும் ஒரு நாள், இரண்டு நாள் வைத்து அடைகாப்பார்.

“எடுத்த ஆளோட கார்டு ரெண்டு நாளா கதவைத் திறந்துக்கிட்டே இருக்கு சார். ஏதாவது காணாமப் போனா யார் பதில் சொல்றது?”

“இதுவரைக்கும் ஒண்ணும் போகலையேம்மா.”

“அப்ப போற வரைக்கும் காத்திருக்கணுமா?”

அவர் தலையைச் சொறிந்தார்.

“ஆமை புகுந்த வீடு உருப்படுமா?” என்று பின்னால் யாரோ முணுமுணுக்க, அவளுடைய டீமே குலுங்கிச் சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புது சாஃப்ட்வேரில் நடுவில் ஆளே கிடையாது. இங்கே பதிந்தால் அடுத்த நொடி அங்கே போய் நிற்கும். தன் நாற்காலி போய்விடுமே என்றுதான் மனுஷன் முட்டுக்கட்டை போடுகிறார், வேறென்ன!

சாயங்காலம் மாற்றும் வேலை ஆரம்பமானது. பழைய சாஃப்ட்வேரில் அனுப்பாமல் ஒரே ஒரு தகவல் பாக்கி கிடந்தது.

“அது மட்டும் இருக்கட்டும்மா. நானே அனுப்பறேன்.” ஆமை குறுக்கே வந்து நின்றார்.

“பாக்கி இருந்தா பழசை நிறுத்த முடியாது சார்.”

யார், என்ன என்று அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தத் தொழிலில் யாரும் பார்க்க மாட்டார்கள். பாக்கி பூஜ்யம் என்று வந்தால் போதும், ஜென்ம சாபல்யம்! அனுப்பும் பட்டனைத் தட்டினாள். பூஜ்யம் ஆனது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆமை மட்டும் எழுந்து வெளியே போனார்.

“பாவம், வயித்தெரிச்சல்” என்றார்கள்.

மறுநாள் காலை அவளும் அவள் அக்காவும் ஒன்றாக வந்தார்கள். அதே கம்பெனியில்தான் அக்கா பில் போடுகிறாள். தங்கச்சியை இங்கே சேர்த்துவிட்டதே அவள்தான். அத்தான் இடுப்பு ஒடிந்து படுத்ததிலிருந்து அக்கா சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

“தள்ளுங்க, தள்ளுங்க! எங்க வீட்டுப் பொண்ணு செஞ்சது. முதல் கார்டு என்னுது!”

வரிசையில் நின்றவர்களைச் செல்லமாக இடித்துக்கொண்டு போய், அக்கா கார்டை வைத்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. “பணி முடிவுற்றது. அனுமதி இல்லை” என்றது கதவு, வரிசை மொத்தத்துக்கும் கேட்கும்படி.

அக்கா சிரித்தாள். “என்னடி இது, முதல் நாளே உன் சரக்கு சொதப்புது?”

“ஏதோ கோளாறுக்கா. ஒரு நிமிஷம்.”

செக்யூரிட்டியின் மேஜையிலேயே லேப்டாப்பைத் திறந்தாள். அக்கா பெயரைத் தேடினாள். வாசல், சம்பளம், மெயில் எல்லாவற்றுக்கும் தகவல் ஒழுங்காகப் போயிருந்தது. நேற்று சாயங்காலம் அவள் தட்டிய அந்த நிமிடத்தில்.

ஐயோ, பாக்கி கிடந்த அந்த ஒன்று!

மெயில் நின்றுபோனதும் தெரிந்திருக்காது; ஆபீஸ் மெயிலை வீட்டில் திறந்து பார்க்கும் பழக்கம் அக்காவுக்குக் கிடையாது.

“தப்புதானேடி?” என்றாள் அக்கா. தங்கச்சி தலையை நிமிர்த்தவில்லை. “வாயைத் திறந்து சொல்லேன்டி, தப்புதானே?”

“கொஞ்சம் நகருங்கம்மா, லேட்டாகுது” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

செக்யூரிட்டி தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். கார்டை வாங்கிக்கொள்ள வேண்டுமே, அது விதி. அக்கா கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“நேத்து டிபன் டப்பாவை சீட்லயே மறந்துட்டேன். அதை மட்டும் எடுத்துக்கலாமா?”

அத்தனை பேர் முன்னால் அப்படிக் கேட்க வேண்டி வந்ததே என்று தங்கச்சி லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

அப்போதுதான் ஆமை ஓடி வந்தார். ஆமாம், ஓடித்தான் வந்தார். அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய் நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார்.

தங்கச்சி அவரை ஓரமாக இழுத்தாள். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது அவளுக்கு.

“உங்களுக்கு நேத்தே தெரியும்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்!”

“அவங்க விஷயத்தை அவங்களுக்கு முன்னாடி இன்னொருத்தர்கிட்ட எப்படிம்மா சொல்றது? வேலை போன ஒவ்வொருத்தர்கிட்டயும் நானே போய், பக்கத்துல உட்கார்ந்து சொல்லிட்டு, அவங்க அழுது முடிச்ச பிறகுதான் பட்டனை அமுக்குவேன். யாரும் இப்படி வாசல்ல நின்னு தெரிஞ்சுக்கக் கூடாது பாருங்க.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நேத்து நீங்க தட்டினதும் போய்ப் பார்த்தேன், அதுக்குள்ள உங்க அக்கா கிளம்பிட்டாங்க. காலையிலயே அவங்ககிட்ட சொல்லத்தான் போனேன். தங்கச்சி செஞ்சது, தங்கச்சி செஞ்சதுன்னு அவங்க பிரிவு பூரா சொல்லிச் சொல்லிப் பூரிச்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு வாய் வரலைம்மா. அதான் உங்ககிட்ட ஒரு நாள் கேட்டேன்.”