பெரியவளின் செருப்பு

பிரசவ வார்டின் கதவருகே குனிந்து, ஆறு வயதுக்காரியிடம் அவள் இன்னொரு முறை சொன்னாள்.

"தம்பிக்குக் கழுத்து நிக்காது. தலைக்கு அடியில கை வெச்சுத்தான் வாங்கணும்."

"தெரியும். தலையணையை வெச்சு ஒரு வாரமாப் பழகினோம்ல?" சிறுமியின் குரல் சட்டென்று இறங்கியது. "இனிமே அப்பா அவனைத்தான் தூக்குவாரா?"

"அப்பாவுக்கு ரெண்டு கை இருக்குடி."

அது போதுமாக இருந்தது. செருப்பை உதறிவிட்டு, துணிப்பையுடன் சிறுமி உள்ளே ஓடினாள். பையில் அவள் பிறந்தபோது போட்ட சட்டைகள், துவைத்து மடித்தவை.

"நீங்களும் போங்களேன். ரெண்டு பேரை விடுவோம்" என்றாள் நர்ஸ்.

"பரவாயில்லை சிஸ்டர். அவ ஆசை தீரப் பார்த்துட்டு வரட்டும்."

சிறுமியின் செருப்புகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளிருந்து ஓர் ஆணின் சிரிப்பு கேட்டது. அது இருமலில்தான் முடியும் என்று அவளுக்குத் தெரியும். முடிந்தது.

சற்று நேரத்தில் நர்ஸ் வெளியே வந்தாள்.

"அக்கா மடியில தம்பி! நாலு பேரையும் நான்தான் போட்டோ எடுத்துக் கொடுத்தேன். முதல்ல பொண்ணு, ரெண்டாவது பையன். கண்ணு பட்டுடும் போங்க! ஆமா, நீங்க யாரு? சித்தியா, அத்தையா?"

"பெரியவளோட அம்மா."

நர்ஸ் திரும்பிக் கதவைப் பார்த்தாள். "அப்ப உள்ள படுத்திருக்கிறவங்க?"

"சின்னவனோட அம்மா" என்றவள், செருப்பில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைக்கத் தொடங்கினாள்.