லண்டன் மாப்பிள்ளைக்கு ஒரு பரீட்சை

“க்விட்னா என்ன?” என்று கேட்டான் ஜெரிஷ்.

துபாயின் தேரா பகுதியில் இருந்த அந்த அறையில் மூன்று பேர். கீழ்க்கட்டிலில் ஜெரிஷ். எதிரே, இருந்த ஒரே நாற்காலியில் அருள்ராஜ். ஜெரிஷின் தங்கை சுபிஷாவை ஊரில் பெண் பார்த்துவிட்டு லண்டன் திரும்பும் வழியில் துபாயில் இறங்கியிருந்தான். வாசலோரம் தரையில் இன்பமணி. லீவில் ஊருக்குக் கிளம்புகிறவன், அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

“சோப்புப் பவுடரா?” என்றான் அருள்ராஜ்.

இன்பமணியின் கை அப்படியே நின்றது.

“லண்டன்ல பவுண்டை அப்படித்தான் சொல்லுவாங்க. நாம துட்டுன்னு சொல்லுத மாதிரி. சரி, டென்னர்?” என்றான் ஜெரிஷ்.

“டின்னரா? சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்.”

ஜெரிஷ் கட்டிலை விட்டு எழுந்தான்.

“பத்து பவுண்டு நோட்டுங்க அது. நான் எக்ஸ்சேஞ்ச் கவுண்டர்ல இருக்கேன். வர்றவன்கிட்ட பேச்சுக் கொடுத்துக் கத்துக்கிட்டது. ஜெர்மன்காரன் காசைக் கரிங்கான். பிரெஞ்சுக்காரன் கோதுமைங்கான். அந்த ஊரையெல்லாம் நான் கண்ணால பார்த்ததில்லை. நீங்க ஏழு வருஷமா லண்டன் கடையில கல்லாவுல நிக்கிறவரு.”

“எங்க கடையில யாரும் அப்படிச் சொல்றதில்லை.”

“பாஸ்போர்ட்டைக் கொஞ்சம் காட்டுங்க.”

“ஹோட்டல்ல இருக்கு” என்று தலையைக் குனிந்துகொண்டான் அருள்ராஜ். கொஞ்ச நேரத்தில் சொல்லிக்கொண்டு கீழே இறங்கிவிட்டான்.

“லேய் மக்கா, நம்ம தெரு பானுப்பிரியாவைக் கட்டினவனும் கனடான்னுதான் சொன்னான். கடைசில மஸ்கட்டுல லாரி கழுவிட்டு இருந்தான்” என்றான் இன்பமணி.

ஜெரிஷ் சுவர்க் காலண்டரைப் பார்த்தான். கல்யாணத்தை உறுதி செய்து ஓலை எழுத இரண்டு வாரம்தான் இருந்தது. அப்பாவுக்குக் காது கேட்காது. போனில் சொல்லி ஆகாது. பேப்பரை எடுத்தான்.

‘அன்புள்ள அப்பாவுக்கு, இந்தச் சம்பந்தம் வேண்டாம். ஆள் லண்டனே பார்த்ததில்லை. பெண் வீட்டுக்கு இஷ்டமில்லை என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். சுபிஷா தப்பித்தாள்.’

மடித்து, உறையில் போட்டு, பசை தடவி ஒட்டி, கீழே டாக்ஸி வரை வந்து இன்பமணியிடம் நீட்டினான்.

“நேரா அப்பா கையில கொடு மக்கா.”

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இன்பமணி பெட்டியோடு டாக்ஸி ஏறினான்.

டாக்ஸி தெருமுனையில் திரும்பும்வரை எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அருள்ராஜ், செல்போனை எடுத்தான்.

“சுபிஷா, நீங்க கேட்டுக்கிட்டபடியே ஒண்ணும் தெரியாதவனா நடிச்சுட்டேன், லெட்டர் கிளம்பியாச்சு. நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா ஊரு உங்களைத்தான் பேசியிருக்கும். இப்ப கெட்ட பேரு எனக்குத்தான், நீங்க நிம்மதியா நர்சிங் காலேஜ்ல சேருங்க.”