மேல்கோடு வரை ஆயில்

செங்கல்பட்டு ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன் சிவப்பிரகாசம் புது லாரியின் பானெட்டைத் தூக்கினார். அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்தார். ஆயில் மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"ஒரு சொட்டு கொறையல அண்ணாத்த. ஆயில் குடிக்குது, பிஸ்டன் ரிங்க மாத்துன்னு அன்னிக்கி அந்தக் குதி குதிச்சியே, இஞ்சின் கல்லாட்டம் கீது" என்றார். "கியாரண்டியும் இன்னியோட முடியுது. இனிமே இந்தப் பேச்ச எடுத்துகினு இங்க வராத."

வேறு ஒருவராக இருந்தால் அந்த இடத்திலேயே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருப்பார். லாரிக்காரர் அப்பாசாமியோ பானெட்டை ஓங்கி அறைந்து மூடினார்.

ஏரிப் பாய்ச்சல் நிலத்தை விற்று வாங்கிய வண்டி அது. திருவிடந்தையில் சவுக்குக் கட்டை ஏற்றி மெட்ராஸுக்கு நாலு நடை போய்வந்தால் போதும், ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கிவிடும்; வீட்டில் வாங்கி வைத்த டின்னிலிருந்து ஊற்ற வேண்டியதுதான். அடியில் ஒழுகலும் கிடையாது. ஓட்டுகிறவன், அவர் மனைவி ரத்னாவின் தம்பி தாண்டவராயன். வழியில் எங்கேயோ நிறுத்தி ஆயிலை இறக்கி விற்கிறான் என்று அப்பாசாமிக்குச் சந்தேகம். மனசிலேயே வைத்துக்கொள்கிற ஆளா அவர்? ஒரு நாள் சோற்றில் கை வைத்திருந்தவனைப் பார்த்துக் கேட்டே விட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

கோளாறு இஞ்சினிலா ஆளிடமா என்று பார்க்கத்தான் சிவப்பிரகாசம் ஒரு வழி சொல்லியிருந்தார். ஆயிலை அவரே மேல்கோடு வரை நிரப்பித் தந்தார். ரெண்டு வாரம் ஓட்டு, நடுவில் மூடியைத் தொடாதே, ஒரு சொட்டும் ஊற்றாதே, அப்படியே கொண்டு வந்து காட்டு என்றார்.

தாண்டவராயனை வண்டிப் பக்கமே வரக்கூடாது என்று உட்காரவைத்துவிட்டு அப்பாசாமியே ஓட்டினார். வீட்டில் இதை விளக்கிச் சொன்னாரா? அதுதான் இல்லை. பொண்டாட்டிக்குக் காரணம் சொன்னால் கௌரவம் போய்விடும் என்று நினைக்கிற மனுஷன். "ஒர்க்‌ஷாப்புல காட்டப் போறேன். உன் தம்பி யோக்கியத அங்க தெரிஞ்சிடும்" என்று மட்டும் சொல்லிவைத்தார்.

இன்று காலை பெருமாள் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு அவர் திரும்பியபோது, ரத்னா தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயில் கொறைஞ்சிருந்தா என் தம்பி தலையிலதான விழும்?" என்று கேட்டாள்.

"பொம்பளைக்கு இன்னாத்துக்கு இந்தப் பேச்சு?" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

இப்போது திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் பீடியைப் பற்றவைத்தார், எறிந்தார், மறுபடி பற்றவைத்தார். அவன் ஓட்டினால் குறைகிறது, நான் ஓட்டினால் குறையவில்லை, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று தனக்குத்தானே சத்தமாகக் கேட்டுக்கொண்டார். மகாபலிபுரத்தில் டீ சொன்னவர், டீ வருவதற்குள் வண்டியை எடுத்துவிட்டார். அரை டிராயரோடு வந்து தன் கையால் ஸ்டீயரிங் பிடிக்கப் பழகிய பயல், தனக்கே இப்படிச் செய்துவிட்டானே என்று நினைத்தபோது அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

லாரிச் சத்தம் கேட்டதுமே ரத்னா வாசலுக்கு ஓடி வந்தாள்.

"ஆயில் ரொம்பி இருந்திச்சாய்யா?"

"இருந்திச்சி. ஒரு சொட்டு கொறையல."

"அப்பாடா, என் வயித்துல பாலை வார்த்த" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்பாசாமி அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். தாண்டவராயனின் தகரப் பெட்டியைத் தூக்கி வந்து தெருவில் போட்டார். கொல்லையிலிருந்து வந்த தாண்டவராயன் பெட்டியையும் மாமன் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான்.

"மாமா, உன் வண்டியில ஒரு சொட்டு நான் தொட்டிருந்தா என் கை வெளங்காது."

"உன் சத்தியத்த கொண்டுபோயி குப்பையில போடு. இனிமே இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத."

அவன் அக்காவை ஒரு தடவை பார்த்தான். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ் நிற்கிற ரோட்டைப் பார்த்து நடந்தான்.

ரத்னாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. "ரொம்பி இருந்திச்சின்னு நீதான சொன்ன? ஒண்ணும் கொறையலன்னா அப்புறம் அவன இன்னாத்துக்குத் தொரத்துற?"

அப்பாசாமி முதல் தடவையாகக் காரணம் சொன்னார். "அவன் ஓட்டாதப்ப கொறையல. அப்ப இத்தினி நாளா கொறைஞ்சத எடுத்தவன் அவன்தான? இப்பவும் கொறைஞ்சிருந்தா தப்பு இஞ்சின் மேல. கம்பெனிக்காரன் டப்பு வாங்காம ரிங்க மாத்திக் குடுத்திருப்பான், உன் தம்பியும் யோக்கியன்னு ஆயிருக்கும்."

ரத்னா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். தாண்டவராயன் ரோட்டை எட்டியிருந்தான். பஸ் வருகிற சத்தம் கேட்டது.

"காலையில நீ கோயிலுக்குப் போயிருந்தப்ப, கொறைஞ்சிருந்த ஆயில நான்தான்யா மேல்கோடு வரைக்கும் ஊத்தி வெச்சேன்."