மாத்திரை போட்டாச்சுங்க!

குன்னூர்த் தண்ணீரில் சுண்ணாம்புச்சத்து கம்மி. நல்லசிவத்தின் மீன்தொட்டியில் செடிகள் சுருண்டன. நத்தைகளின் ஓடு வெளுத்தது. அந்தச் சத்தைக் கூட்டப் பொடி போடுவதா, திரவம் ஊற்றுவதா, பவளக்கல்லைத் தொட்டியில் வைப்பதா என்று ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கு நடுவிலும், மூட்டுவலிக்கார மனைவி அனுராதாவைத் தினமும் கேட்கத் தவறமாட்டார்.

"மாத்திரை போட்டியா?"

"போட்டாச்சுங்க!"

ஒருவழியாகத் திரவம் வாங்கி வந்தவர் தொட்டியைப் பார்த்துத் துள்ளினார். "அனு! நான் பாட்டிலையே தொறக்கல, அதுக்குள்ள செடி நிமிந்திருச்சு! நத்தை ஓடு மினுங்குது!"

கூடத்தில் ஒரு சுற்று ஆடியவர், சட்டென்று நின்றார். "உன் மூட்டு?"

"அப்படியேதானுங்க வலிக்குது."

"தினமும் மாத்திரை போட்டேன்னியே?"

"போட்டேனுங்க, தொட்டிக்குள்ள. அதுவும் கால்சியந்தானுங்களே! முழுங்குனேன்னு எப்பங்க சொன்னேன்?"