வளைகிற ரகம்

சர்க்யூட் போர்டில் செம்புக்கோடு எங்கேயும் அறுந்திருக்கவில்லை. அதிர்வெண் குறைவாக இருந்தவரை சிக்னல் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. கூட்டியதும் பாதியைப் போர்டே விழுங்கிவிட்டது. மங்கையர்க்கரசி தலையைத் தூக்கி எதிரே நின்ற செல்வினைப் பார்த்தாள். கல்லூரியிலிருந்தே கூட இருக்கிறவன், இருவரும் நடத்தும் கம்பெனியில் சரிபாதிப் பங்குதாரன். பொருள் வாங்குவதெல்லாம் அவன்தான்.

“நான் சொன்ன போர்டுதான வாங்குன?”

“அதேதான் மங்கை. சத்தியமா.”

அவள் சொன்ன ரகம் விலை கூடியது, மென்மையானது. வளைத்தால் வளையும், ஒடியாது. போர்டின் இரு முனைகளையும் பிடித்தாள். வளைந்துவிடு, வளைந்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சியபடியே மெல்ல அழுத்தினாள்.

“வேணாம், விடு,” என்றான் செல்வின்.

படக்கென்ற அந்த ஓசை மட்டும் துளியும் குறையாமல் அவளிடம் வந்து சேர்ந்தது.